மாடியில் சோலார்: கடன் வாங்கும் முன் கணக்குப் பார்ப்போம்



சில மாதங்களாக ஜும்ஆ தொழுகை முடிந்து நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருவோரில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மாடியில் சோலார் போட டிரஸ்டிலிருந்து வட்டியில்லாக் கடன் கிடைக்குமா?" வட்டியில் போய் விழுந்துவிடக் கூடாது என்ற அச்சத்தோடு கேட்கிறார்கள். அந்த அச்சம் நல்லதே. ஆனால் கடனைப் பற்றிப் பேசும் முன், சோலார் அந்த வீட்டுக்குத் தேவைதானா என்று பார்க்க வேண்டும். சிலருக்கு அது பெரிய இலாபம். வேறு சிலருக்கு வீண் சுமை. அந்த வேறுபாட்டை எல்லோரும் அறிந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

இயற்கை தரும் மின்சாரம் நம் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் குமுளி மலையிலிருந்து பெரிய குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப் மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, அதன் பிறகே நம் வயல்களுக்கு வருகிறது. 1950-களின் இறுதியிலிருந்து இது நடக்கிறது. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் போனால் நம் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளைக் காணலாம். இப்போது 2030-க்குள் 5 இலட்சம் மெகாவாட் அளவுக்குப் புதைபடிவ எரிபொருள் சாராத மின் உற்பத்தித் திறனை உருவாக்குவது என்று நாடே இலக்கு வைத்திருக்கிறது. அணையும் காற்றாலையும் அரசும் பெரிய நிறுவனங்களும் செய்த வேலை. சோலார் மட்டும் நம் வீட்டு மாடிக்கே வந்திருக்கிறது. அதனால் முடிவெடுக்கும் பொறுப்பும் நம்மிடமே வந்திருக்கிறது.

300 யூனிட் இலவசம் என்றால் என்ன?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்ற விளம்பரத்தைப் பார்த்து, அரசே அவ்வளவு மின்சாரத்தைச் சும்மா தருகிறது என்று பலர் எண்ணிவிட்டார்கள். அப்படியல்ல. நாம் பணம் போட்டுத் தகடு அமைக்க வேண்டும். அதற்கான செலவில் ஒரு பகுதியை அரசு மானியமாகத் தருகிறது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000. இதற்கு மேல் மானியம் இல்லை.

1 கிலோவாட் தகட்டுக்கு நிழல் விழாத இடம் ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். அது சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். நம் மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால், ஒரு கணக்குக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவத்தில் மலையோரம் மேகம் கூடும் நாட்களில் இது குறையும். பங்குனி, சித்திரை வெயிலில் கூடும்.

இரண்டு வீடுகளின் கணக்கு

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன் பின் படிப்படியாகக் கட்டணம் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப் படிகளில் கிடைத்த சலுகையும் போய்விடும். 500 யூனிட்டுக்கும் 510 யூனிட்டுக்கும் பத்து யூனிட்தான் வித்தியாசம். பில்லில் முந்நூறு ரூபாய்க்கு மேல் கூடிவிடும்.

முதல் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடுகிறது. பில் இருநூறு ரூபாய்க்குள்தான் வரும். இந்த வீட்டார் சோலார் போட்டுப் பில் முழுவதையும் மிச்சப்படுத்தினாலும், ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சும். மானியம் போகக் கைப்பணமாகப் போட்ட பல ஆயிரங்கள் திரும்பி வர ஒரு தலைமுறை ஆகும். இந்த வீட்டுக்குச் சோலார் வேண்டியதில்லை.

இரண்டாவது வீட்டில் ஏ.சி., மோட்டார், கூட்டுக் குடும்பம். 600 யூனிட் ஓடுகிறது. பில் மூவாயிரத்தை நெருங்கும். 2 கிலோவாட் தகடு 480 யூனிட் தந்தால், மீதி 120 யூனிட்டுக்கு மட்டுமே கணக்கு. ஆண்டுக்குப் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகலாம். மானியம் போக நம் கைப்பணம் எண்பதாயிரம் ஆனால், ஐந்து ஆண்டு அளவில் போட்ட பணம் திரும்பிவிடும். தகடு இருபத்தைந்து ஆண்டு வரை உழைக்கும். இடையில் இன்வெர்ட்டரை ஒரு முறையேனும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

முதலில் வீண்விரயத்தை நிறுத்துவோம்

ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று கற்றவர்கள் நாம். மின்சாரத்துக்கும் அதே ஒழுக்கம்தான். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். புதிய பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடும் மூன்று விசிறிகளை மாற்றினால், இரண்டு மாதத்தில் 90 யூனிட்டுக்கு மேல் குறையும். 580 யூனிட் ஓடும் வீடு 500-க்குள் வந்துவிடும். பில்லில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். சில ஆயிரங்களில் முடிகிற இந்த வேலையை முதலில் செய்துவிட்டு, அதன் பிறகும் பில் கூடுதலாக இருந்தால் சோலாரைப் பற்றி யோசிக்கலாம்.

ஏமாறாமல் இருக்க

கரண்ட் போனாலும் சோலார் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் அமைப்பு, கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனை நம் மாடியிலிருந்து போகும் மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பகலில் மிஞ்சுவது மின்வாரியத்துக்குப் போகும். இரவில் நாம் அங்கிருந்து எடுப்போம். இரண்டையும் ஒரே மீட்டர் கணக்கு வைக்கும்.

மானியம் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். "மானியத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம், முன்பணம் கொடுங்கள்" என்று வீடு தேடி வருவோரிடம் பணம் கொடுக்க வேண்டாம். அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்து, அங்கே பதிவு பெற்ற நிறுவனத்தையே தேர்ந்தெடுங்கள். குறைந்தது இரண்டு நிறுவனங்களிடம் எழுத்தில் விலை கேளுங்கள். நம் ஊர் ஆடிக் காற்றைத் தாங்கும் அளவுக்குத் தாங்கிகள் இருக்கின்றனவா, தென்னை நிழல் விழுமா என்று நேரில் வந்து பார்த்த பிறகே விலை சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல் நம் வீடுகளில் அதிகம். மின் இணைப்பு இன்னும் மௌத்தாகிவிட்ட அத்தாவின் பெயரில் இருக்கும். வீடு சகோதர சகோதரிகளுக்குள் பாகம் பிரிக்கப்படாமல் இருக்கும். அந்த நிலையில் விண்ணப்பம் நகராது. அதற்கும் மேலாக, எல்லோருக்கும் உரிமையுள்ள மாடியில் ஒருவர் மட்டும் தகடு வைத்தால் நாளை மனக்கசப்பு வரும். வாரிசுகள் அனைவரும், உடன்பிறந்த சகோதரிகள் உட்பட, உட்கார்ந்து பேசி பாகத்தை முடித்துப் பெயர் மாற்றிக்கொள்வது சோலாரை விட அவசரமான காரியம்.

கடன் பற்றி

வங்கிகள் இத்திட்டத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. குறைந்தாலும் வட்டி வட்டிதான். முதல் வகை வீட்டார் இதற்காகக் கடன்படவே தேவையில்லை. இரண்டாம் வகை வீட்டார் ஓரிரு ஆண்டு சேமித்துப் போடலாம். அல்லது முதலில் 1 கிலோவாட்டில் தொடங்கி, பின்னர் கூட்டுவதற்கு வழியுண்டா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளலாம். உறவினருக்குள் அழகிய கடன் கொடுத்து உதவினால் அதற்கும் நற்கூலி உண்டு.

நம் டிரஸ்டின் நிலையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஜகாத் நிதியை இதற்குத் தொட மாட்டோம். அதற்குரிய எட்டு வகையினர் இருக்கிறார்கள். வட்டியில்லாக் கடன் நிதி சிறியது. மருத்துவமும் படிப்பும் முந்தியவை. அவை போக மிஞ்சினால், வீட்டில் தையல் மெஷின், மாவு மெஷின் வைத்துப் பிழைக்கும் விதவைகள் போன்றோரின் மின் செலவைக் குறைக்க வழி பார்ப்போம். ஏ.சி.க்காக அல்ல.

பணத்தை விட எளிதாக எங்களால் தர முடிந்தது கணக்கு. கடந்த ஓராண்டின் ஆறு மின் கட்டண இரசீதுகளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். கூடவே உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம். வேண்டியதில்லை என்று கணக்கு சொன்னால், அதையும் சந்தோஷமாகவே சொல்லி அனுப்புவோம்.

கடனில்லாத வாழ்வையும் வீண்விரயமில்லாத வீட்டையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.