சினிமாவே இங்கிலீஷ் வாத்தியார்!

கோவை,
தமிழ் மீடியத்தில் படித்த பையன். கணக்கில் புலி. ஆனால் இன்டர்வியூவில் இங்கிலீஷில் கேள்வி விழுந்ததும் திருதிருவென விழிக்கிறான். கைக்கு வந்த வேலை நழுவுகிறது. இதற்குச் சினிமாவிலேயே மருந்து இருக்குதுங்க!

1914-ல் தொடக்கம்

கோவைக்கு இது புதுசு அல்ல. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் திருச்சியில் பிரெஞ்சுக்காரர் டுபாண்டிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் இங்கே வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். அது ஊமைப் படக் காலம். வெள்ளைக்காரன் படத்தில் வசனம் இங்கிலீஷ் எழுத்தாகத் திரையில் வரும். அந்நாளில் பல கொட்டகைகளில் ஒருவர் நின்று அதை உரக்க விளக்குவார்.

5 நிமிஷம் போதும்

அதே வித்தை இப்போது செல்போனிலேயே நடக்கும். இங்கிலீஷ் படத்துக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்தையே ஓடவிடுங்கள். தமிழ் எழுத்து ஓடினால் கதை புரியும், பாஷை வராது. தினம் 5 நிமிஷக் காட்சி. நிறுத்தி நிறுத்தி, கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"பார்க்கவில்லை" என்பதை நம்மவர்கள் "டிட் நாட் சா" என்பார்கள். படத்தில் கேட்பதோ "டிட் நாட் சீ". "டிட்" வந்தாலே இறந்த காலம் வந்தாச்சு. பின்னால் "சா" வேண்டாம். பத்துத் தடவை கேட்டால் இலக்கணம் தானாக நாக்கில் ஏறும்.

உஷார்!

"கோயிங் டு" என்பது படத்தில் "கொன்னா" ஆகிவிடும். பேச்சுக்குச் சரி. வேலை மனுவில் எழுதினால், மனு குப்பைக் கூடைக்குத்தான்!