கொசுப்புழுவைக் கொல்லும் நல்ல கிருமி



கிருமி என்றாலே நோய்தான் என்று நினைக்கிறோம். பாலைத் தயிராக்குவதும், இட்லி மாவைப் பொங்க வைப்பதும் கிருமிதானே? அதுபோல, கொசுவை ஒழிக்க நமக்குத் துணை நிற்கும் கிருமியும் ஒன்று உண்டு. அதன் பெயர் பி.டி.ஐ.

எங்கே கிடைத்தது?

1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கொசுப்புழுக்கள் செத்து மிதந்தன. அவற்றைக் கொன்ற பாக்டீரியாதான் பி.டி.ஐ. நம் நாட்டில், 1975-ல் தொடங்கிய புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், இதே இனத்தில் ‘பி-17’ என்ற வகையைக் கொண்டு மருந்து தயாரிக்கும் முறையை உருவாக்கியது. மூளைக்காய்ச்சல் பரப்பும் வயல்கொசுவை ஆராய மதுரையில் 1985-ல் ஒரு மையம் ஏற்பட்டது. அது இன்று புதுச்சேரி மையத்தின் கள நிலையமாக இயங்குகிறது.

எப்படிக் கொல்கிறது?

இந்தக் கிருமிக்குள் படிகம் போன்ற புரதம் இருக்கிறது. இரை என்று நினைத்துப் புழு அதை விழுங்குகிறது. புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அங்கே படிகம் கரைந்து நஞ்சாகிக் குடலை ஓட்டையாக்கும். ஒரு நாளில் புழு செத்துவிடும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அங்கே அது நஞ்சாவதில்லை. மீனுக்கும் மாட்டுக்கும் தேனீக்கும் தீங்கில்லை.

ரசாயன மருந்தையே திரும்பத் திரும்பத் தெளித்தால் கொசு அதற்குப் பழகிவிடும். பி.டி.ஐ.யில் பல புரதங்கள் சேர்ந்து தாக்குவதால் அப்படி எளிதில் பழகாது. கண்மாய்த் தண்ணீரும் கெடாது.

“அப்ப நாங்க ஒண்ணும் செய்ய வேண்டாமா?”

கட்டாயம் செய்ய வேண்டும். இரை தின்னும் புழுவை மட்டுமே இது கொல்லும். இரை தின்னாத கூட்டுப்புழுவையும், பறக்கும் கொசுவையும் ஒன்றும் செய்யாது. சில நாளில் இதன் வேகமும் குறைந்துவிடும். டெங்கு கொசுவின் முட்டையோ தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே:

1. குடம், அண்டா, டிரம் எல்லாவற்றையும் இறுக மூடி வையுங்கள்.
2. வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.
3. சிரட்டை, பழைய டயர், உடைந்த சட்டிகளை மழைக்கு முன்பே அப்புறப்படுத்துங்கள்.
4. சுகாதாரப் பணியாளர் வந்தால், “எங்க வீட்டுல கொசு இல்லீங்க” என்று வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். தண்ணீர் நிற்கும் இடத்தையெல்லாம் காட்டுங்கள்.
5. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள்.

பாதி வேலையைக் கிருமி பார்க்கும். மீதி உங்கள் கையில்!