பெயரும் உடன்பாடும்: தொகுப்பிப் பெயர்ப்பில் இணைப்பு வழுக்கள்

கொழும்பின் கொட்டாஞ்சேனையைச் சிங்களத்தில் கொட்டஹேன என்பர். இரண்டும் ஓரிடமே என்பதைத் தபாற்காரர் அறிவார். கணினியின் இணைப்பி அறியாது. எழுத்துக்கு எழுத்து ஒத்த பெயரையே அது ஏற்கும்.

தொகுப்பி நமது நிரலைப் பொறிமொழியாக்குகின்றது. பிறர் முன்னரே எழுதிய நூலகங்களை அதனோடு சேர்ப்பது இணைப்பி. ஆகவே, தொகுப்பியைப் புதிய பொறியொன்றுக்குப் பெயர்க்கையில் தோன்றும் 'வரையறுக்கப்படாத பெயர்' என்னும் வழு நிரலின் இலக்கணப் பிழையன்று. இரு தரப்பின் உடன்பாடு முறிந்தமையின் அறிகுறியாகும்.

முக்கிய காரணங்கள் மூன்று. பழைய யுனிக்ஸ் சி தொகுப்பிகள் பெயருக்கு முன் அடிக்கோடிட்டன. பின்வந்தவற்றுட் பல அதைக் கைவிட்டன. இரண்டாவதாக, 32 பிட் பொறியில் 64 பிட் வகுத்தலுக்குத் தொகுப்பி தானாகவே ஒரு துணைச்செயலை அழைக்கும். நாம் எழுதாத அப்பெயரை வழங்கும் துணை நூலகமும் பெயர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். மூன்றாவதாக, இணைப்பிகள் பல நூலகங்களை வரிசைப்படியே நோக்குவன. அழைக்கும் கோப்புக்கு முன்னே நிற்கும் நூலகம் பயன்படாது போகலாம்.

இரு தரப்பின் பெயர்ப்பட்டியல்களையும் எடுத்து ஒப்பிடுவதே தக்க வழி. வெற்றுச் செயலொன்றை எழுதி வழுவை மறைப்பின் இணைப்பு நிறைவேறும், கணக்கோ பொய்க்கும்.

1977 இல் ஆஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் முதலானோர், சி தொகுப்பியைப் பெயர்த்து, யுனிக்ஸை இன்டர்டேட்டா 7/32 பொறியில் இயக்கினர். அத்தகைய உழைப்பு நூலகங்களுள் மறைந்துகிடக்கின்றது. இணைப்பு முறியும்போதே அது நமக்குப் புலனாகின்றது. தனித்து நிற்கும் நிரல் என ஒன்றில்லை என்பதே இவ்வழுக்கள் உணர்த்தும் உண்மை.