பூனையை விரட்டினா தெள்ளு போகாது

இந்த எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தி இங்கே தந்திருக்கிறோம்.

நேயர்கள் அனுப்பற வாய்ஸ் நோட்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு விஷயத்தைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன். ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் ரூம் எடுத்துத் தங்கி கம்பெனி வேலைக்குப் போறவங்க நிறைய பேர் நம்ம நேயர்கள். மெஸ் வாசல்லயோ பைக் ஸ்டாண்டுலயோ கிடைச்ச பூனைக்குட்டியை ரூமுக்குக் கொண்டுவந்து வளர்க்கறாங்க. மழைக்காலம் ஆரம்பிச்சதும் பூனை உடம்பு முழுக்கப் பூச்சி. ரூம்ல இருக்கற எல்லாருக்கும் கணுக்கால்ல கடி. ஹவுஸ் ஓனர் ஒரே வார்த்தையில முடிச்சிடறார்: "பூனையை ஏரிக்கரையில விட்டுட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்."

சரியாகாது. பெரும்பாலும் கடி இன்னும் அதிகமாகும். அது ஏன்னு புரிஞ்சிக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சது.

முதல்ல பேரைச் சரிபண்ணிக்கலாம். நம்ம பக்கம் விலங்கு உடம்புல இருக்கற எல்லாத்தையும் 'உண்ணி'ன்னு சொல்லிடுவோம். உண்ணி வேற. அதுக்கு எட்டுக் கால், ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிச்சு உப்பும், தாவாது. பேன் முடியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நகரும். பழுப்பு நிறத்துல, பக்கவாட்டுல தட்டையா, பிடிக்கப் போனா தாவி மறையறது தெள்ளுப்பூச்சி. பூனைக்கு வர்ற தொல்லையில முக்கால்வாசி இதுதான். பேரு பூனைத் தெள்ளுன்னாலும் உலகத்துல பல இடங்களில் நாய்மேல அதிகமா இருக்கறதும் இதே இனம்தான்.

பூச்சி கண்ணுல படலைன்னாலும் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பேன் சீப்பால பூனையோட வால் அடிப்பக்கமும் கழுத்தும் சீவுங்க. மிளகுத்தூள் மாதிரி கறுப்பா விழும். அதை நனைச்ச வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல வைங்க. சுத்தி செம்பழுப்பா பரவினா அது தெள்ளோட கழிவு, அதாவது செரிச்ச ரத்தம். வெறும் மண்ணா இருந்தா அந்த நிறம் வராது.

இப்போ முக்கியமான கணக்குக்கு வரேன். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரைக்கும் போடும். முட்டை வழவழன்னு இருக்கறதால பூனைமேல ஒட்டாது, போற இடமெல்லாம் உதிரும். பாய், தலையணை, ஷூ ஸ்டாண்டு அடி, டைல்ஸ் இடுக்கு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கட்டிலாக்கின மரப் பேலட், எல்லா இடத்துலயும். முட்டையிலிருந்து வர்ற புழு வெளிச்சத்துக்குப் பயந்து இடுக்குக்குள்ள போகும். பெரிய தெள்ளு போடற அந்த ரத்தக் கழிவுதான் அதுக்குச் சாப்பாடு. அப்புறம் கூடு கட்டி உள்ளே உட்கார்ந்துடும். ஒரு வீட்டுல இருக்கற மொத்தத் தெள்ளுல பூனைமேல இருக்கறது சுமார் 5 சதவீதம்தான்னு சொல்றாங்க. மிச்சம் 95 சதவீதம் முட்டையா, புழுவா, கூடா ரூம்லதான் இருக்கு.

அந்தக் கூட்டுக்குள்ள இருக்கற தெள்ளுக்கு அவசரமே கிடையாது. வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குலகூட காத்திருக்கும். தரையில அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காத்து பட்டா ஆள் வந்தாச்சுன்னு தெரிஞ்சு உடனே வெளியே வரும். பொங்கலுக்கு ரூமைப் பூட்டிட்டு ஊருக்குப் போய்ட்டு ஒரு வாரம் கழிச்சு வந்து கதவைத் திறந்ததும் கால் முழுக்கப் பூச்சி ஏறுதுன்னு சொல்றாங்களே, காரணம் இதுதான். பூனையை ஏரிக்கரையில விட்டாலும் இதேதான் நடக்கும். பூனை இருந்தவரை அதுமேல ஏறின பூச்சிக்கு இப்போ உங்க கால் மட்டும்தான் மிச்சம்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. பெரிய பூனைக்கு இது அரிப்பு, முடி கொட்டறது, தோல் புண். குட்டிக்கு உயிராபத்து. சுமார் 70 பெண் தெள்ளு சேர்ந்தா ஒரு நாளைக்கு ஒரு மில்லி ரத்தம் குடிக்கும். அரைக் கிலோ எடையுள்ள குட்டி உடம்புல மொத்த ரத்தமே 30 மில்லி அளவுதான். ஒரு வாரம், பத்து நாள்னு கணக்குப் போட்டுப் பாருங்க. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. இளஞ்சிவப்பா இருக்கணும். வெளுத்துப்போயிருந்தா, குட்டி சோர்ந்து படுத்திருந்தா, உடம்பு ஜில்லுன்னு இருந்தா, ஷிப்ட் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும். சோர்வா இருக்கேன்னு பாராசிட்டமால் மட்டும் கொடுத்துடாதீங்க. பூனைக்கு அது விஷம்.

விஷம்னு சொன்னதும் இதையும் சேர்த்துச் சொல்லிடறேன். இந்தப் பக்கம் கம்பெனிக்கு அடுத்த தெருவே கிராமம். மாட்டுக்கு அடிக்கற மருந்து, நாய்க்கு ஊத்தற மருந்து சுலபமா கிடைக்கும். நாய்க்கான சில மருந்துல இருக்கற பெர்மெத்ரின், மாட்டு மருந்துல வர்ற டெல்டாமெத்ரின், உண்ணிக்குப் போடற அமிட்ராஸ், இது எதுவும் பூனைமேல படக்கூடாது. பெர்மெத்ரினை உடைச்சு வெளியேத்தற வேலையைப் பூனையோட கல்லீரல் சரியா செய்யாது. நாய்க்கு ஒத்துக்கற அளவே பூனைக்கு நடுக்கம், வாய்நுரை, வலிப்புன்னு போய் உயிரை எடுத்துடும். யாராவது ஏற்கெனவே போட்டிருந்தா வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திரம் கழுவற சோப்பும் வச்சு உடனே கழுவிட்டு, அந்த மருந்துப் பாக்கெட்டையும் எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. ஃபினாயில், மண்ணெண்ணெய், கற்பூரம், அந்துருண்டை, வேப்பெண்ணெய் எதுவும் பூனை உடம்புல வேண்டாம். பூனை தன்னைத்தானே நக்கற விலங்கு. மேல தடவறது எல்லாம் வயித்துக்குள்ளதான் போகும்.

அப்போ என்னதான் செய்யறது? ரெண்டு வேலையை ஒரே நாள்ல ஆரம்பிக்கணும்.

ஒண்ணு, பூனை. ஃபிப்ரோனில், செலமெக்டின் மாதிரி பூனைக்குன்னே வர்ற மருந்து இருக்கு. எது, எவ்வளவுன்னு எடையும் வயசும் பார்த்து டாக்டர் சொல்லணும். சொட்டு மருந்துன்னா நாக்கு எட்டாத பிடரியில, முடியை விலக்கித் தோல்மேல விடணும். எட்டு வாரம்கூட ஆகாத குட்டிக்கு நீங்களா எந்த மருந்தும் போடாதீங்க. பேன் சீப்பால சீவி, வர்ற பூச்சியை சோப்புத் தண்ணிக் கிண்ணத்துல முக்குங்க. வெறும் தண்ணியில அது மிதந்து தப்பிச்சிடும், சோப்பு கலந்தா மூழ்கும். ரூம்ல எத்தனை பூனை, நாய் இருக்கோ அத்தனைக்கும் ஒரே நாள்ல மருந்து போடணும்.

ரெண்டு, ரூம். பாய், போர்வை, தலையணை உறை, யூனிபார்ம் எல்லாத்தையும் சுடுதண்ணியில துவைச்சு நல்ல வெயில்ல காயப்போடுங்க. முட்டையும் புழுவும் ஈரம் இல்லைன்னா செத்துடும். ஐப்பசி, கார்த்திகையில தொல்லை அதிகமாகறதுக்கும் அந்த ஈரம்தான் காரணம். கட்டில் அடி, சுவர் ஓரம், டைல்ஸ் இடுக்கு தினமும் பெருக்கணும். தூசியை வாசல்ல தள்ளாம கவர்ல கட்டி வெளியேத்துங்க. அட்டைப்பெட்டி, பழைய சாக்கு எதையும் ரூம்ல வைக்காதீங்க. மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டா, வீட்டுல பூனை இருக்கு, தெள்ளுக்கு அடிக்கணும், முட்டையும் புழுவும் வளராம தடுக்கற மருந்தும் சேர்க்கணும்னு முதல்லயே சொல்லிடுங்க. தரை முழுக்கக் காயற வரைக்கும் பூனை உள்ளே வரக்கூடாது.

இதையெல்லாம் செஞ்சு ரெண்டு வாரத்துல திரும்பப் பூச்சி தெரியும். மருந்து வேலை செய்யலைன்னு நிறைய பேர் விடறது இந்த இடத்துலதான். கூட்டுக்குள்ள மருந்து போகாது. இப்போ தெரியறது முன்னாடி கட்டின கூட்டிலிருந்து வர்ற பூச்சி. அது பூனைமேல ஏறி, முட்டை போடறதுக்குள்ள சாகணும். அதுக்குத்தான் டாக்டர் சொன்ன இடைவெளியில, குறைஞ்சது மூணு மாசம் விடாம மருந்து போடணும்.

இன்னொண்ணு. பூனை வால் பக்கம் அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தா அது நாடாப்புழுவோட துண்டு. தெள்ளை நக்கி விழுங்கறதால வர்றது. அதுக்குத் தனியா புழு மருந்து உண்டு. வீட்டுல தவழற குழந்தை இருந்தா கூடுதல் கவனம் வேணும். குழந்தையும் தெரியாம தெள்ளை விழுங்கினா அந்தப் புழு வரலாம்.

தனியார் கிளினிக் கட்டுப்படி ஆகலைன்னா பக்கத்துல இருக்கற அரசு கால்நடை மருத்துவமனையில கேளுங்க. நிலைமை மோசம்னா வேப்பேரி இருக்கு. 1903ல ஆரம்பிச்ச சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, அதோட மருத்துவமனையில பூனை, நாய் எல்லாம் பார்க்கறாங்க. ஸ்ரீபெரும்புதூர்லருந்து சுமார் 40 கிலோமீட்டர். காத்து போற மாதிரி மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில துணி விரிச்சு எடுத்துட்டுப் போங்க.

ஹவுஸ் ஓனர்கிட்டயும் இந்த 95 சதவீதக் கணக்கைச் சொல்லுங்க. நான் பேசிப் பார்த்தவரைக்கும், பூனை வெளியே போனா பூச்சி ரூம்லயே தங்கும்னு புரியும்போது பலர் நிதானமா கேட்கறாங்க. மருந்து போட்ட பூனை, ஏறின பூச்சியை எல்லாம் கொன்னு ரூமைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கற கூட்டாளி. அதை இருக்க விடுங்க.

முதல் மருந்து போட்ட தேதியைச் சுவர்க் காலண்டர்ல எழுதிட்டு, அடுத்த ரெண்டு தேதியையும் இப்பவே வட்டம் போட்டு வைங்க. நைட் ஷிப்ட் வாரத்துல மறந்துபோகும், அதனால ரூம்ல இருக்கற எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதுங்க. சந்தேகம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.