குழாய்நீரும் பியரின் சுவையும்

பியரின் சுவைபற்றி எழுதுவோர் முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹொப்ஸ் பூ, மதுவம் ஆகிய மூன்றையுமே பெரிதும் எடுத்துரைப்பர். ஆயின் அப்பானத்தில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்கு நீரேயாகும். பிரித்தானியாவில் வீட்டுத் தேவைக்குப் பியர் காய்ச்சுவதற்கான அனுமதிப்பத்திர முறை 1963ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன்பின், ஒரே செய்முறையைக் கைக்கொண்ட இருவர் இரு வேறு ஊர்களில் இரு வேறு சுவைகளைப் பெறுவது ஏன் என்னும் வினா, ஆலைகளைக் கடந்து வீட்டுச் சமையலறைக்கும் வந்து சேர்ந்தது.

விடையை நாம் நிலத்தடியிலேயே தேடவேண்டும். சுண்ணப்பாறைப் படைகளினூடாக வரும் லண்டன் நீரில் இருகாபனேற்று மிகுதி. அரைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைக்கையில், மாப்பொருளை வெல்லமாக்கும் நொதியங்கள் நன்கு தொழிற்படுவதற்கு அக்கலவையின் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.2க்கும் 5.6க்கும் இடையில் இருத்தல் வேண்டும். இருகாபனேற்று அதனை உயர்த்திவிடுகின்றது. உமியிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் கரைந்து சுவையைக் கெடுக்கின்றன. கருக வறுத்த பார்லி அமிலத்தன்மை கூடியதாதலின் இக்குறையை ஈடுசெய்கின்றது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் 'போட்டர்' எனும் கருநிறப் பியர் செழித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இங்கிலாந்தின் பேட்டன் நகரக் கிணற்றுநீரிலோ ஜிப்சம், அதாவது கல்சியம் சல்பேற்று, மிகுதி. கல்சியம் கலவையின் பீ.எச். பெறுமானத்தைத் தாழ்த்துகின்றது, சல்பேற்று ஹொப்ஸின் கசப்பைக் கூர்மையாக்குகின்றது. அந்நகரின் வெளிறிய பியருடன் போட்டியிடும்பொருட்டு, லண்டன் ஆலையினர் சிலர் 19ஆம் நூற்றாண்டில் அங்கேயே கிளைகளை நிறுவினர். பொகீமியாவின் பில்சன் நகர நீரோ மிக மென்மையானது. 1842இல் அங்கு உருவான பொன்னிறப் பியரின் மென்சுவைக்கு அந்நீர் துணைநின்றது.

ஊரின் மகிமை என்றும் பரம்பரை இரகசியம் என்றும் போற்றப்பட்டவற்றின் பின்னால் இத்தகைய பௌதிக அடிப்படை இருந்தது. இரசாயனப் பகுப்பாய்வு அதனை வெளிப்படுத்தியதும், பிறவூர் நீரில் ஜிப்சம் சேர்த்துப் பேட்டன் நீரை ஒத்த நீரை ஆக்குதல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இயல்வதாயிற்று. இயற்கை ஓர் ஊருக்கு அளித்த தனியுரிமையை அறிவு பொதுவுடைமையாக்கியது.

இன்று வீட்டில் காய்ச்சுவோரின் நீர் கிணற்றிலிருந்தன்றிக் குழாயிலிருந்தே வருகின்றது. கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரீன், பார்லியின் பீனோல்களுடன் கூடிக் குளோரோபீனோல்களாகின்றது. மிகச் சிறிதளவிலேனும் இவை மருந்துநெடி வீசுவன. குளோரீன் கொதிக்கவைக்க நீங்கும். சில நகரங்களில் பயன்படும் குளோரமீன் அவ்வாறு எளிதில் நீங்காது. சிறிதளவு பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று இரண்டையும் அகற்றும்.

ஆயின் எதனை அகற்றுவது, எதனைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்கத் தம் குழாய்நீரில் என்ன உள்ளது என்பதை மக்கள் அறிந்திருத்தல் வேண்டும். பியர் அருந்தாதோருக்கும் அந்த நீரே குடிநீர். எனவே நீரின் பகுப்பாய்வு விபரத்தை வழங்குநரிடம் கேட்டுப் பெறுதல் சுவை நாடுவோரின் பொழுதுபோக்கு மாத்திரமன்று. அது குடிமக்கள் அனைவரதும் உரிமையாகும்.