உங்களுக்குத் தெரியுமா? – கிழியுற சவுண்டு

புதுச்சேரி–கடலூர் சாலையில் தவளக்குப்பம் சந்திப்பைத் தாண்டிப் போகிறவர் காதில் ஆடி மாதம் முழுக்கக் குழாய் ஸ்பீக்கரின் கரகரப்பு விழும். “அண்ணே, கொஞ்சம் குறைங்க, கிழியுது” என்று மைக்செட்காரரிடம் கேட்டுக்கொள்கிறோம். ராக் இசைக்காரர்கள் அந்தக் கிழிசலைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ‘டிஸ்டார்ஷன் பெடல்’ என்ற பெயரில் கடையில் கிடைக்கிறது.

கடையில் கிடைக்காத காலத்தில் என்ன செய்தார்கள்? 1958-இல் அமெரிக்க கிட்டார் கலைஞர் லிங்க் ரே, தன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டார். அந்த உறுமலில் உருவான ‘ரம்பிள்’ சில ஊர் வானொலிகளில் தடை செய்யப்பட்டது. பாட்டில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது, வெறும் கிட்டார். வரியே இல்லாத பாட்டு இளைஞர்களைக் கெடுத்துவிடும் என்று பயந்திருக்கிறார்கள்!

1964-இல் லண்டனின் ‘தி கிங்க்ஸ்’ குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் ஸ்பீக்கரைக் கிழிக்க எடுத்தது சவரப் பிளேடு.

இந்த முரட்டு ஓசைக்குப் பெரிய செலவும் தேவையில்லை. நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் ‘பிளீச்’. 1989-இல் வெளிவந்தது. பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். சியாட்டிலின் சிறிய ஸ்டுடியோ ஒன்றில் ஜாக் எண்டினோ பதிவு செய்தார். மொத்தம் முப்பது மணி நேர வேலை. பணம் கொடுத்தவர் ஜேசன் எவர்மேன். ஆல்பத்தில் அவர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. ஆனாலும் அட்டையில் கிட்டார் கலைஞர் என்று அவர் பெயரைப் போட்டார்கள், படத்தையும் சேர்த்தே. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும் அரசியல் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

அதே நிர்வாணா பெரும் புகழ் பெற்றபின் 1993-இல் ‘இன் யூட்டரோ’ ஆல்பத்துக்கு ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியை அழைத்தது. விற்பனையில் பங்கு வேண்டாம், வேலைக்குக் கூலி போதும், பிளம்பருக்குக் கொடுப்பது போலக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார் அவர். ‘தயாரிப்பாளர்’ என்ற பட்டமும் அவருக்குப் பிடிக்காது. குழு ஓர் அறையில் வாசிப்பது எப்படிக் கேட்கிறதோ, அப்படியே நாடாவில் ஏற்றுவதுதான் தன் வேலை என்பது அவர் கட்சி. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஆல்பம் முடிந்தது. இந்த முறை காசுக்குப் பஞ்சமில்லை. ஆகவே, இந்த முரட்டு ஓசையை ஏழ்மையின் அடையாளம் என்று மட்டும் பார்ப்பது சரியாக வராது. வேண்டுமென்றே இழைக்காமல் விட்ட மரம் அது.

மான்செஸ்டரின் ‘பஸ்காக்ஸ்’ குழு 500 பவுண்டு கடன் வாங்கி, சொந்த லேபிளில் 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ இசைத்தட்டை வெளியிட்டது. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், மேலே எதையாவது ஒட்டினோமா இல்லையா என்பதை அட்டையிலேயே அச்சிட்டார்கள். கணக்கு வழக்கில் இவ்வளவு நேர்மை!

இனி நம்மூருக்கு வருவோம்.

2018 ஜனவரி 6, சென்னைக் கீழ்ப்பாக்கம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறிய இடமும் நாளும். மேடையில் பத்தொன்பது பேர். சட்டி, கட்டமோளம், பறை ஒரு பக்கம். எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ் மறு பக்கம். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே கச்சேரியில். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த ‘சாதியில்லாத் தமிழர்’ என்ற கருத்திலிருந்து பெயர் வந்தது. அதே ஆண்டில் வந்த ஆல்பம் ‘மகிழ்ச்சி’. குழுவின் கானா பாடகி இசைவாணி 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாட்டாக்கியவர்கள் இவர்கள். அந்தக் குரல்களை இழைத்து மெருகேற்றியிருந்தால் பாட்டின் கோபத்தில் பாதி போயிருக்கும் என்பது என் எண்ணம்.

பறை இந்தக் கூட்டணிக்கு இயல்பாகப் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. வாசிக்கும் முன் அதை நெருப்பில் காய்ச்சுவார்கள். சூட்டில் ஈரம் போய்த் தோல் இறுகும், ஓசை கணீரென்று ஏறும். ஆறினால் இறங்கிவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். ஒரு மணி நேரம் ஒரே சுருதியில் நில் என்று அதனிடம் சொல்ல முடியாது. கணினியில் எல்லாவற்றையும் நேராக்கிப் பழகியவர்களுக்கு இது தலைவலி. நேராக்க விரும்பாதவர்களுக்குக் கொண்டாட்டம்.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவுக்கு முன்பே டென்மாவும் பாடகர் கபேர் வாசுகியும் ‘குரங்கன்’ என்ற தமிழ் ராக் குழுவில் சேர்ந்து இயங்கினார்கள்.

சினிமாவுக்குள் வருவதற்கு முன் ஏ.ஆர். ரஹ்மானும் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற சென்னை ராக் குழுவில் இருந்தவர்தான். நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. சினிமா என்ற பெரிய ஆலமரத்தின் நிழலில் தனி ஆல்பம் முளைப்பதுதான் சிரமம். பக்கத்துக் கேரளத்தின் ‘அவியல்’ குழு மலையாளத்தில் ஆல்டர்நேட்டிவ் ராக் பாடி, 2008-இல் முழு ஆல்பமே போட்டுவிட்டது.

தில்லியின் ‘இந்தியன் ஓஷன்’ குழுவுக்கு இன்னும் துணிச்சல். 1997-இல் தில்லியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவையே ‘டெசர்ட் ரெயின்’ என்று ஆல்பமாக்கினார்கள். மேடையில் நடந்தது நடந்ததுதான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு தேதி: ஜூன் 21. பிரான்சில் 1982-இல் தொடங்கிய ‘ஃபெத் த லா மியூசிக்’ இசை விழா இங்கேயும் அலியான்ஸ் பிரான்சேஸ் முயற்சியில் நடப்பதுண்டு. தொழில்முறைக் கலைஞர், பழகுபவர் என்ற பேதமில்லாமல் யாரும் பொதுவெளியில் வாசிக்கலாம், கேட்பதற்குக் கட்டணமில்லை என்பது அந்த விழாவின் அடிப்படை. தவளக்குப்பத்துப் பையன்கள் கிட்டாரோடு டவுன் பஸ் ஏற இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

நம்மூர் ஓசை கடல் தாண்டியும் போயிருக்கிறது. ஈழத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம்தான் பாடகி எம்.ஐ.ஏ. ‘எலாஸ்டிகா’ என்ற ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மனிடமிருந்து கிடைத்த ரோலண்ட் எம்.சி-505 என்ற ஒற்றை இசைப்பெட்டியை வைத்து, முதல் ஆல்பத்துக்கான மாதிரிப் பதிவுகளைச் செய்தார். 2005-இல் வந்த அந்த ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயர், ‘அருளர்’. 2007-இல் வந்த அடுத்ததற்கு அம்மா பெயர், ‘கலா’. அதிலுள்ள ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டைத் தூக்கி நிறுத்துவது நம் உறுமி மேளம். ஹெட்போனில் கேட்காதீர்கள். பெரிய ஸ்பீக்கரில் வையுங்கள், பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கவில்லை என்று தெரிந்துகொண்டு.