கல்லீரலில் ஒரு க்யூ!

அக்னி நட்சத்திர சமயத்தில் திண்டிவனத்தில் ராத்திரி எட்டு மணிக்குக் கரைத்து வைத்த தோசை மாவு, விடிவதற்குள் பாத்திரத்தை விட்டுப் பொங்கி வழிந்திருக்கும். அதே அரிசி, அதே உளுந்து, அதே கிரைண்டர்தான். மார்கழியில் மட்டும் மறுநாள் பத்து மணிக்குக்கூட, "என்னடி இது, இன்னும் புளிக்கவே இல்லையே!" என்று மாமியார் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார்.

நடப்பது ஒரே மாற்றம்தான். வேகம்தான் வேறு. தோசை மாவில் இது வெறும் டிபன் பிரச்னை. உடம்புக்குள்ளே இதே வேகம் உயிர்ப் பிரச்னையாகிவிடுவதுண்டு. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ரசாயன மாற்றம் நடக்க வேண்டுமானால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோத வேண்டும். சும்மா உரசினால் போதாது, பலமாக மோத வேண்டும். சூடு ஏறினால் அவை வேகமாக ஓடும், பலமாக மோதும். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. (ஃப்ரிட்ஜில் வைத்த மாவும் புளிக்கத்தான் செய்கிறது. மெதுவாகப் புளிக்கிறது, அவ்வளவுதான்.)

அடுத்தது, கூட்டம். எரிவதற்குத் தேவையான ஆக்ஸிஜன் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. அதுவே ஆஸ்பத்திரியில் சிலிண்டர் திறந்திருக்கும் அறையில் அதிகமாகிவிட்டால், சின்னப் பொறிகூடக் குபீரென்று பற்றிக்கொள்ளும். அங்கே தீக்குச்சி உரசக் கூடாது என்பது இதனால்தான்.

மூன்றாவதை நம் பாட்டிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது! துண்டு சிறிதானால் வெளிப்பரப்பு அதிகம், ஜீரண நீர் படும் இடமும் அதிகம். நெஞ்செரிச்சல் மாத்திரைகளில் சிலவற்றை மென்று விழுங்கச் சொல்வதும் அதனால்தான்.

நான்காவதுதான் நமக்கு முக்கியம். வெறும் சோற்றை வாயில் போட்டு மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். எச்சிலில் உள்ள ஒரு என்ஸைம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடுகிறது. தான் தீராமல், வேலையை மட்டும் துரிதப்படுத்திக் கொடுக்கும் இந்த மாதிரிப் பொருளை வினையூக்கி என்பார்கள். நம் உடம்பு இப்படி ஆயிரக்கணக்கான என்ஸைம்களை நம்பித்தான் ஓடுகிறது. அவற்றில் ஒன்று, நமக்கே எமனாக முடியும்.

2023 மே மாதம். திண்டிவனத்துக்குக் கிழக்கே, கடலோரம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம். சாராயம் என்று சொல்லி விற்றதை வாங்கிக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டு விழுந்தார்கள். முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள். இரண்டும் சேர்ந்து 20 உயிர்களுக்கு மேல் போயின. அது காய்ச்சிய சாராயமே இல்லை, தொழிற்சாலைக்குரிய மெத்தனால் என்று சோதனையில் தெரிந்தது. அடுத்த வருடமே, 2024 ஜூனில், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இதே மெத்தனாலுக்குப் பலியானார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மெத்தனால் அந்த நிலையிலேயே பெரிய விஷம் அல்ல. போதை தரும், அவ்வளவுதான். அதை விஷமாக்குவது நம் கல்லீரல்! ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ் என்ற என்ஸைம் முதலில் அதை ஃபார்மால்டிஹைடாக்குகிறது. கல்லூரி லேபில் தவளையைப் போட்டு வைப்பார்களே ஃபார்மலின், அந்தச் சரக்கு. இன்னொரு என்ஸைம் அதை மளமளவென்று ஃபார்மிக் அமிலமாக்கிவிடுகிறது. அடுத்த கட்டத்தில்தான் வில்லங்கம். இந்த அமிலத்தை உடைத்து வெளியேற்றும் வேலை மனித உடம்பில் ஆமை வேகத்தில் நடக்கிறது. வருவது வேகம், போவது நிதானம். அமிலம் சேருகிறது. ரத்தம் புளிக்கிறது. செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியாமல் திணறுகின்றன. முதலில் அடிபடுவது கண் நரம்பு. சுமார் 10 மில்லி சுத்த மெத்தனாலே பார்வையைப் பறிக்கப் போதும்.

இதற்கு டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்? அந்த முதல் மாற்றத்தின் வேகத்தைக் குறைக்கிறார்கள்!

விழுப்புரம் ஜங்ஷனில் ஒரே ஒரு டிக்கெட் கவுண்டர் திறந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ஸைம்தான் கவுண்டர். மெத்தனால் க்யூவில் நிற்கிறது. அங்கே எத்தனாலை அனுப்பினால் அது முண்டியடித்து முன்னால் போய்விடும். ஏனென்றால் இந்த என்ஸைமுக்கு மெத்தனாலைவிட எத்தனாலிடம் பத்து மடங்குக்கு மேல் ஒட்டுதல். ஃபோமெபிசோல் என்ற மருந்து இன்னும் ஒரு படி மேல். கவுண்டரையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். காத்திருக்கும் மெத்தனால் விஷமாக மாறாமல் சிறுநீரிலும் மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். நிலைமை மோசமானால் டயாலிஸிஸ் வைத்து இழுத்துவிடுவார்கள். சேர்ந்துவிட்ட அமிலத்தை முறிக்க சோடியம் பைகார்பனேட், அமிலம் உடைவதைத் துரிதப்படுத்த ஃபோலிக் அமிலம் அல்லது அதன் இனத்து மருந்து. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறோமே, அதே ஃபோலிக் அமிலம்தான்!

'அப்போ வீட்டிலேயே பிராந்தி ஊற்றிவிடலாமே' என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வைத்தியம் அது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டியது நேரத்தை. குடித்த பிறகு அமிலம் சேர்ந்து அறிகுறி தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். நல்ல சாராயமும் கலந்திருந்தால், மேலே சொன்ன க்யூ கணக்குப்படி, இன்னும் தாமதமாகும். மறுநாள் காலை தலைவலி, வாந்தி என்று படுத்திருப்பார். "நேத்து போட்டது இன்னும் தெளியல, மோர் குடு, தூங்கட்டும்" என்பார்கள். அந்தத் தூக்கத்தில்தான் கல்லீரல் வேலையை முடித்துக்கொண்டிருக்கும். கண் மங்குகிறது, எதிரே மூடுபனி மாதிரி தெரிகிறது, வயிறு பிடுங்குகிறது, மேல்மூச்சு வாங்குகிறது — இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அவரோடு சேர்ந்து குடித்தவர்கள் தெம்பாக உட்கார்ந்திருந்தாலும் அவர்களையும் வண்டியில் ஏற்றுங்கள். அவர்கள் க்யூவில் பின்னால் நிற்கிறார்கள், அவ்வளவுதான். மிச்சம் இருக்கும் பாட்டிலையோ பாக்கெட்டையோ கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் கொடுங்கள்.